ஒருநாள் சைலன்ஸர்

சண்முகையா முதலாளியின் பஸ்ஸில், முன் கண்ணாடிக்கு மேலே, கொட்டை எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தது. எழுதின பெயிண்டரைத் தவிர அதை இன்னொருவர் வாசித்ததாகத் தகவல் இல்லை. சங்கரன்கோவிலில் புறப்பட்டு, புளியங்குடி வழியாக ராயகிரி போய்ச் சேருகிற வரைக்கும் வழியிலுள்ள அத்தனை ஊர்க்காரர்களுக்கும் அது வெடிபஸ். குழந்தை அழுதால் வெடிபஸ் வருது என்று பயங்காட்டினார்கள். வெடிபஸ் உண்மையிலேயே வந்துவிட்டால் குழந்தை அழுகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பெருமை முழுவதும் முதலாளியின் மூளைக்குச் சேர வேண்டியது. அந்த ரோட்டு ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நேரம் பார்த்து வந்து ரோட்டோரம் நிற்பது வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற காரியம் என்று அவர்களுக்கு நினைப்பு. பஸ் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள், முகம் கழுவுவார்கள், மடித்து வைத்த சட்டையைத் தேடுவார்கள். இதே ரோட்டில் ஓடின பாதுஷா பஸ் புது வண்டி, சத்தமில்லாத வண்டி. சத்தம் கேட்டு இவர்கள் வெளியே வருவதற்குள் அது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். இதைக் கவனித்த சண்முகையா முதலாளி, நாற்பத்தெட்டாம் வருஷத்தில் ஒருநாள், தன் பஸ்ஸிலிருந்த சைலன்ஸரைக் கழற்றினார். பாத்திரக் கடைக் கன்னானிடம் சொல்லி, வாய் அகன்ற ஒரு பித்தளைக் குழாய் அடித்து வாங்கி அந்த இடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து வெடிபஸ் இரண்டு மைல் தூரத்தில் வரும்போதே ஊர் முழுக்கத் தெரிந்தது. ஜனங்கள் சாவகாசமாக முகம் கழுவி, சட்டை போட்டு, வெற்றிலையும் மடித்துக்கொண்டு வந்து ஏறினார்கள்.

முதலாளி மட்டும் ஏறவில்லை. தென்காசிக்கோ விருதுநகருக்கோ ஒரு காரியம் என்றால் அவர் ரயிலில்தான் போவார். பஸ் ஷெட்டுக்கு வருகிற நாட்களில் இரண்டு காதிலும் அத்தர் தோய்த்த பஞ்சு இருக்கும். காது மடிப்பில் வாசனைக்காகச் செருகுவது எல்லாரும் செய்வது. இவர் துவாரத்தில் அடைத்திருந்தார்.

"பஞ்சு எதுக்கு அண்ணாச்சி, சத்தத்துக்கா?" என்று யாராவது கேட்டால், "சே, அத்தர் வாசனை மூளைக்கு நல்லதுலா" என்பார். அந்த மூளை இந்த உபசாரத்துக்குத் தகுதியானதுதான் என்று டிரைவர் இசக்கிப்பாண்டி தனக்குள் சொல்லிக்கொள்வான்.

இசக்கிப்பாண்டிக்கு உலகத்தில் யார் மேலும் மதிப்புக் கிடையாது. யுத்தத்தின்போது அஸ்ஸாம் மலையில் மிலிட்டரி லாரி ஓட்டினவன். அங்கே வெள்ளைக்கார சார்ஜண்ட் கொடுத்த சர்ட்டிபிகேட்டும், இங்கே சர்க்கார் கொடுத்த லைசென்ஸும், மெழுகு சீலையில் சுற்றி வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தன. முதலாளி ஒரு கஞ்சப் பயல், பாதுஷா பஸ் டிரைவர் ஒரு மாட்டுவண்டிக்காரன், பயணிகள் எல்லாம் ஆட்டுமந்தை. தன்னையும் தன் வலது காலையும் தவிர அவன் எதையும் நம்பியதில்லை. அந்தக் கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கும்போது, வண்டிக்கு என்ன வேண்டும் என்பது பாதம் வழியாகவே தெரிந்துவிடும் என்பான். அது பொய்யும் இல்லை.

குழாய் வந்த முதல் வாரமே கண்டக்டர் மூக்காண்டி ஊதின விசில் டிரைவருக்குக் கேட்காமல் போனது. பின்வாசலில் நின்று கன்னம் உப்ப ஊதினான். இறங்க வேண்டிய ஆள் இரண்டு பர்லாங் தள்ளி இறங்கினான். மணி கட்டிப் பார்த்தார்கள், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் மூக்காண்டியே ஒரு வழி கண்டுபிடித்தான். வாழைநார்க் கயிறு ஒன்றை பஸ் கூரையில் வளையம் வளையமாகக் கோத்து, ஒரு முனையைத் தன் கையிலும் மறு முனையை இசக்கிப்பாண்டியின் இடது புஜத்திலும் கட்டினான். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் போ. பஸ் ஸ்டாண்டில் சிரிக்காத ஆள் இல்லை. டிரைவரைக் கட்டிவைத்து ஓட்டுகிற பஸ் ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் என்றார்கள். மூன்று வருஷத்தில் கயிறு நான்கு தடவை மாறியது. இசக்கிப்பாண்டியின் புஜத்தில் தழும்பு விழுந்து கறுத்துப் போனது.

இந்த மூன்று வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊரில் எல்லாரும் முணுமுணுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் டீக்கடைக்காரன். அப்புறம் மூக்காண்டி. அப்புறம் கோவிலில் மணியடிக்கிறவன்கூட கைக்கு வலிக்காமல் அடித்தான். "எவனுக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியல, சோறு திங்க மட்டும் திறக்கானுவ" என்று இசக்கிப்பாண்டி ஏசினான். எல்லாரையும் போல ஊரையும் ஏசித் தீர்க்க முடிகிற வரைக்கும் அவனுக்குக் கவலை இல்லை. ஆனால் படுத்திருக்கும்போது, இடது காதைத் தலையணையில் அழுத்தினால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போவதும், வலது காதுக்குள் ஓயாமல் ஒரு வண்டு ரீங்கரிப்பதும் அவனுக்குத் தெரியும். அதை அவன் பெண்டாட்டி கோமதித்தாயிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. நாற்பத்திரண்டு வயதில் மண்வெட்டி பிடிக்கப் பழக வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை வண்டிக்கு எப்.சி. வாங்க வேண்டும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அதை எழுதுகிறவரை ஜனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து, முசாபரி பங்களாவில் தங்கி, பிரேக்கையும் விளக்கையும் ஹாரனையும் பார்ப்பார். வண்டியின் சத்தம் ஜனங்களுக்கு உபத்திரவமாக இருக்கக் கூடாது, புகைக்குழாயில் சைலன்ஸர் இருக்க வேண்டும் என்பதும் அவர் பார்க்க வேண்டிய சட்டம்.

அதற்கும் முதலாளியிடம் ஏற்பாடு இருந்தது. மூன்று வருஷம் முன்பு கழற்றின சைலன்ஸர் பத்திரமாக ஒரு சாக்கில், நெல் குதிருக்குப் பின்னால் படுத்திருந்தது. எப்.சி.க்கு முந்தின நாள் சாயங்காலம் அதை எடுத்துத் துடைத்து மாட்டுவார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டதும் கழற்றிவிடுவார்கள். வருஷத்தில் ஒரே ஒருநாள் சங்கரன்கோவில் ஜனங்கள் வெடிபஸ் போவது தெரியாமல் தூங்கினார்கள். இரண்டு வருஷம் இப்படியே காகிதம் கிடைத்தது.

இந்த வருஷம் எப்.சி. நாள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்பாக வந்தது. தபசுக் கூட்டம் என்றால் கூரை மேலெல்லாம் ஆள் ஏறும். அந்த நேரத்தில் வண்டி ஷெட்டில் கிடந்தால் அத்தனை கூட்டமும் பாதுஷா பஸ்ஸுக்குப் போகும். முதலாளிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. புளியங்குடியிலிருந்து ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் தருவித்து முசாபரி பங்களாவுக்கு அனுப்பிவைத்தார். ஒரே ஒரு அதிகாரி, தனி ஆள், ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தை வைத்து என்ன செய்வார் என்பது முதலாளியின் மூளைக்கு எட்டவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஷெட்டில் பிட்டர் பீர் மைதீன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து சைலன்ஸரை மாட்டினான். கடையநல்லூர்க்காரன், அதிகம் பேசாதவன். இசக்கிப்பாண்டி தொட்டிப் பக்கம் போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகால் கழுவினான். சாவகாசமாகக் கழுவி முடித்தான். பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் இல்லை.

"என்னவே மைதீன், எம்புட்டு நேரம்? ஸ்டார்ட் பண்ணிப் பாரும்" என்றான் திரும்பாமலே.

பதில் வரவில்லை. திரும்பினான். பீர் மைதீன் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றான். பானெட்டுத் தகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. சைலன்ஸர் முனையிலிருந்து புகை வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இசக்கிப்பாண்டி பக்கத்தில் போய்த் தானும் கையை வைத்துப் பார்த்தான். தகரம் உள்ளங்கையில் துடித்தது. காதில் ஒன்றுமில்லை. வலது காதின் வண்டு மட்டும் இருந்தது. ஏசுவதற்கு யாராவது கிடைப்பார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

பீர் மைதீன் அவன் இடது பக்கமாக வந்து, காதுக்குக் கிட்ட வாயை வைத்துச் சொன்னான். "அண்ணாச்சி, நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிடுங்க. ஆறுமுகச்சாமி ஓட்டிக் காட்டட்டும்."

ஆறுமுகச்சாமி முதலாளியின் மைத்துனன். முப்பது வயது. லைசென்ஸ் வாங்கி எட்டு மாசமாகிறது. அந்த எட்டு மாசமும் ஷெட் வாசலில் தலை சீவிக்கொண்டு நிற்கிறவன். எப்.சி. அன்றைக்கு அவன் சீட்டில் உட்கார்ந்தால் மறுநாள் இறங்க மாட்டான். அதற்காகத்தான் அவன் அக்காள் முதலாளியின் தலையணையில் ஓதிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சீப்புப் பயலா?" என்றான் இசக்கிப்பாண்டி. "அவன் கியர் போட்டா எருமை பல்லைக் கடிக்க மாதிரி இருக்கும். எனக்கு ஒண்ணுமில்லவே. ஜலதோசம். நானே ஓட்டுவேன். கயிறு இருக்குல்லா."

பீர் மைதீன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இன்ஜினை நிறுத்தினான். நிறுத்தினதும் தெரியவில்லை.

மறுநாள் காலை முசாபரி பங்களா வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக வெளியே வந்தார். முதலாளி குனிந்த குனிப்பில் அவருடைய காதுப்பஞ்சு ஒன்று தரையில் விழுந்தது. இன்றைக்கு அது தேவையில்லை என்பதால் அவர் குனிந்து எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதித்துப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்த்தார். வண்டியின் வயிறு முழுக்க மூன்று வருஷத்துச் செம்மண் அப்பியிருந்தது. நடுவில் சைலன்ஸர் மட்டும் கார்த்திகைக்குத் துலக்கிய விளக்கு மாதிரி பளபளத்தது. போல்ட்டுகள் புதிது. அவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். கண்ணுள்ள மனிதன் எவனுக்கும் விளங்கிவிடும். அவர் நிமிர்ந்தார், கையிலிருந்த தாளில் 'சைலன்ஸர் உண்டு' என்கிற இடத்தில் ஒரு கோடு போட்டார். முதலாளி மூச்சு விட்டார்.

அடுத்தபடி இன்ஸ்பெக்டர் பஸ்ஸுக்குள் ஏறினார். கூரையில் ஓடின கயிற்றைக் கண்ணால் தொடர்ந்து போய், டிரைவரின் புஜத்தில் கொண்டு நிறுத்தினார்.

"இது என்ன?"

மூக்காண்டி முதலாளியைப் பார்த்தான். விசில் கேட்காததால் கட்டினோம் என்று சொன்னால், ஏன் கேட்கவில்லை என்கிற கேள்வி வரும். சைலன்ஸர் போட்ட வண்டியில் விசில் ஏன் கேட்காது என்று வரும். முதலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு, "அது துணி காயப்போடுற கொடிங்க" என்றார். "கண்டக்டர் பய வேட்டி துவைச்சுப் போடுவான்."

"டிரைவர் கையிலயா கட்டுவான்?"

"அங்கன ஆணி இல்லீங்க" என்றார் முதலாளி.

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு முகத்தையும் நேராக வைத்துக்கொள்ள ஒரு தனித் திறமை வேண்டும். இசக்கிப்பாண்டிக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. ஆனாலும் முதலாளியின் முகத்தைப் பார்த்ததும், ஏதோ கேவலமான பொய் ஒன்று அங்கே அவிழ்ந்தது என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். மூக்காண்டி வந்து புஜத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தான். கயிற்றை வளையங்களிலிருந்து உருவிச் சுருட்டி இசக்கிப்பாண்டியின் மடியில் வைத்தான். கண்ணாடியைப் பார்த்துக்கிடுங்க என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

தலைக்கு மேலே உள்பக்கம் ஒரு கண்ணாடி இருந்தது. அதில் மூக்காண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று இசக்கிப்பாண்டி கணக்குப் போட்டான். வண்டி நகர்ந்தது. கிளச்சைப் பாதத்தாலும் கியரை உள்ளங்கையாலும் கேட்டுக்கேட்டு மாற்றினான். ஒரு சின்ன உரசல்கூட இல்லை. பங்களா வளைவில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது, நிறுத்தினான், எடுத்தான். அஸ்ஸாம் சார்ஜண்ட் பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பான். எதிரே ரயில்வே கேட்டுப் பாதை நீண்டு கிடந்தது.

அப்போது இன்ஸ்பெக்டர் எழுந்து, மூக்காண்டிக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியில் மூக்காண்டியின் முகம் மறைந்து தொப்பி தெரிந்தது. மூக்காண்டியிடமிருந்து விசிலை வாங்கித் தன் வாயிலேயே வைத்தார். அவர் முதுகு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு விசில். வண்டி போனது. இன்னொரு விசில். வண்டி அதே நிதானத்தோடு போனது. மூன்றாவதாக அவர் ஊதின ஊதலில் ரோட்டோரம் விறகு சுமந்து போன பெண்பிள்ளை சுமையோடு நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் ஏன் பார்க்கிறாள் என்று இசக்கிப்பாண்டி நினைத்தான். நினைத்த மறுகணம் தோளில் ஒரு கை விழுந்தது.

கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறக்கினார்கள். பின்னாலேயே குதிரை வண்டியில் முதலாளி வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டர் இசக்கிப்பாண்டியை ரோட்டைப் பார்த்து நிற்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, அவன் பின்னால் பத்தடி தள்ளிப் போய் நின்றார். எதிரே முதலாளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் மூக்காண்டி.

பின்னால் ஏதோ கேள்வி கேட்கிறார்கள் என்று இசக்கிப்பாண்டிக்குத் தெரியும். என்ன கேள்வி, கேட்டாயிற்றா, இனிமேல்தானா என்பதுதான் தெரியாது. அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். ஒரு தடவை கண்ணை இமைத்தால் போதும். தாடையை இம்மி அசைத்தால் போதும். பெயரைத்தான் கேட்பார்கள், ஊரைத்தான் கேட்பார்கள், எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஐந்து வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டது ஸ்டியரிங்கில் இருந்த இந்தக் கை. முதலாளி அவன் கண்ணை நேராகப் பார்த்தார், பிறகு இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். மூக்காண்டிதான் அழுதுவிடுவான் போல வாயைத் திறந்தான்; முதலாளி அவன் காலை மிதித்தார்.

"நாலு தரம் பேரைக் கேட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர், முன்னால் வந்து, ஒவ்வொரு வார்த்தையாக, கத்தி. "உனக்குக் காது கேக்கல. சாதாரண ஹாரன் சத்தம் கேக்காதவனுக்கு லைசென்ஸ் கிடையாது. சட்டம் அது."

சட்டம் என்ற சொல் இசக்கிப்பாண்டிக்கு நன்றாகவே கேட்டது. கேட்டதும் அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவரிடம் மன்றாட வேண்டும் என்று தோன்றியது. அது அவனுக்குப் பழக்கமில்லாததால் ஏசுவது போலவே வெளியே வந்தது.

"சட்டமாய்யா? கீழ குனிஞ்சு பாத்தியளே, அந்தச் சைலன்ஸர் நேத்துச் சாயங்காலம் மாட்டுனது. மூணு வருசமா இந்த வண்டியில அது கிடையாது. பித்தளைக் குழாய். அது போட்ட சத்தத்துல போன காது இது. கயிறு எதுக்குக் கட்டுனோம்? இவரு என்ன பொய் சொன்னாரோ, விசில் கேக்காமத்தான் கட்டுனோம். நாளைக்குக் காலையில வந்து நில்லுங்க, எந்தச் சட்டம் ஓடுதுன்னு கேக்கும். உங்க காதுக்குக் கேக்கும்லா."

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு முகம் வெளுத்துப் போனது. ஆடித்தபசு, கூரை மேல் கூட்டம், பாதுஷா பஸ், எல்லாம் அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே கோடு போட்டாயிற்று. போட்ட கோட்டை அடிப்பது என்றால் ஏன் போட்டோம் என்று எழுத வேண்டும். எலுமிச்சம்பழ மூட்டையும் பங்களாவில் இருந்தது.

"இன்னைக்குப் பரிசோதனைக்கு வந்த வண்டியில சைலன்ஸர் இருக்கு" என்றார். "நான் நாளைக்கு வண்டியைப் பார்க்க முடியாது. இன்னைக்கு வண்டி சரி. ஆள்தான் சரியில்லை."

முதலாளிக்கு உடனே குரல் வந்துவிட்டது. "செவிட்டுப் பயல வச்சு ஜனங்க உயிரோட விளையாடியிருக்கேன், பாத்தியளா. நினைச்சாலே குலை நடுங்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலிங்க இவன்." சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜனங்களின் உயிர் மேல் இப்படி உருகுகிற மனிதர் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

லைசென்ஸை வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுக்கும்படி உத்தரவானது. இசக்கிப்பாண்டி நடந்தே போனான். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு மெழுகு சீலையை எடுத்தபோது கோமதித்தாய் அடுப்படியிலிருந்து வந்து, அவனுக்கு முன்னால் நின்று, அவன் கண்ணைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "போச்சா?" என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக இவள் இப்படித்தான் பேசுகிறாள். முன்னால் வந்து நின்று, அல்லது தோளைத் தொட்டு, அவன் திரும்பிப் பார்த்த பிறகு. ஊரெல்லாம் முணுமுணுத்தபோது இவள் ஒருத்தி மட்டும் ஒழுங்காகப் பேசுகிறாள் என்று அவன் நினைத்திருந்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளை ஏச ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே சைலன்ஸர் சாக்குக்குள் போனது. மறுநாள் விடிந்ததும் வெடிபஸ் தெருமுனையில் போனது. தகர டப்பாக்கள் அலமாரியில் குலுங்கின. கோமதித்தாய் பேசுவதும், கோவில் மணியும், அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதும் கேட்காத இசக்கிப்பாண்டிக்கு, அந்தச் சத்தம் மட்டும் ஒன்று விடாமல் கேட்டது. காதைத் தின்ற சத்தம் ஒன்றுதான் அந்தக் காதில் மிச்சம் இருந்தது. தெருமுனைத் திருப்பத்தில் இரண்டாவது கியர் விழாமல் பல்லைக் கடித்ததும் கேட்டது. "சீப்புப் பய" என்றான்.

தபசன்று காலையில் மூக்காண்டி வந்தான். வாசலிலேயே நின்று, காலால் மண்ணைக் கிளறினான். பிறகு பக்கத்தில் வந்து இடது காதில் சொன்னான். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. அந்தக் கயிறு உங்ககிட்டதான இருக்கு? புதுக் கயிறு சிராய்க்குதாம் மைத்துனருக்கு. உங்க கையில கிடந்து பதமான கயிறு, அதை வாங்கிட்டு வான்னு முதலாளி அனுப்பினாரு."

இசக்கிப்பாண்டி உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்தான். மூக்காண்டி கையை நீட்டினான். "நானே கொண்டாறேன், நட" என்றான். முதலாளியின் மூஞ்சியில் விட்டெறிவதற்கு என்றே அதைக் கையில் சுற்றிக்கொண்டு போனான். வழி நெடுக, எறிந்த பிறகு என்ன சொல்வது என்று வார்த்தை சேர்த்தான். நல்ல வார்த்தைகளாகவே கிடைத்தன.

பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூட்டம். வெடிபஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கூரை மேல் நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் முதலாளி, இரண்டு காதிலும் புதுப் பஞ்சு. அவர் இவனைப் பார்த்ததும் முகத்தைக் கூட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். சேர்த்து வைத்த வார்த்தைகள் அந்தப் பஞ்சைத் தாண்டிப் போகாது என்று இசக்கிப்பாண்டிக்கு விளங்கியது. கயிற்றை எறிந்தாலும் மூக்காண்டிதான் பொறுக்குவான்.

அவன் டிரைவர் பக்கம் போனான். ஆறுமுகச்சாமி சீட்டில் நெளிந்து உட்கார்ந்து, கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். புஜம் சிவந்து சிராய்த்திருந்தது. கயிற்றைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை வெளியே நீட்டிக் கொடுத்தான். வளையல்காரனிடம் நீட்டுகிற மாதிரி நீட்டினான்.

இந்தப் பயலை இசக்கிப்பாண்டிக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனாலும் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான்.

"ஏலே, மூணு வருசத்துல உனக்கும் இதே கதிதான். அந்தக் குழாயைக் கழத்தச் சொல்லு. இப்பமே சொல்லு."

ஆறுமுகச்சாமி சிரித்த முகத்தோடு சீப்பைப் பையில் வைத்தான். உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தான். அவன் உதடு அசைவது இசக்கிப்பாண்டிக்குத் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்பது காது இல்லாமலே விளங்கியது.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? கேக்கலியே."